பக்கத்து வீட்டுக்காரன் பேர்

மச்சான்,

இன்று காலை கடை மேசையின் டிராயரை இழுத்தேன். உன் வீட்டிலிருந்து நீ தூக்கி வந்த ஹேர் டிரையர் கிடந்தது. சுவிட்சைத் தட்டினேன். கருகிய பசை வாசம் அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புக்கிட் ரோத்தானில் நாம் இருவரும் இந்தக் கடையைத் திறந்தபோது, க்ரூசர் மோட்டார் சைக்கிள் என்றாலே எல்லாருக்கும் ஒரே கம்பெனிதான். நாம் விற்றதோ யாரும் கேள்விப்படாத பேர். வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து முறுக்கிப் பார்ப்பார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லையே லா" என்று இறங்கிவிடுவார்கள். நீ சளைக்காமல் அடுத்தவருக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வாங்க ஓடுவாய்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. உனக்குத் தெரியாமல் அந்தப் பெரிய கம்பெனியின் ஸ்டிக்கரை டேங்கில் ஒட்டிக் கொடுத்தேன். ஏழு மோட்டார் விற்றுப் போனது. எட்டாவதில் ஒட்டும்போது பின்னால் வந்து நின்றாய்.

"நம்ம பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பேர வைப்பியாடா?"

நீ கத்தவில்லை. நான்தான் கத்தினேன். சாவியை வீசிவிட்டுப் போய், ரவாங்கில் அதே கம்பெனி மோட்டார் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மாதம் பேச்சில்லை. நீ இரண்டு முறை போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தேன். உன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்றாள்.

உன்னை எடுத்த அன்று அந்த ஏழு மோட்டாரும் வாசலில் வந்து நின்றன. ஒன்றிலும் நான் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. அதில் ஒன்றை வாங்கியிருந்த உலு யாம் லோரிக்கார அண்ணன்தான் சொன்னார். "அவரே முடி காய வைக்கிற மெஷினத் தூக்கிட்டு வீடு வீடா வந்தாரு தம்பி. சூடு காட்டி உரிச்சாரு. 'நான்தான் ஒட்டச் சொன்னேன், அவன் மேல தப்பில்ல'ன்னாரு."

வெட்கம் பார்க்காமல் கதறினேன், மச்சான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய நீ பெட்டிக்குள் படுத்திருந்தாய்.

ரவாங் வேலையை விட்டுவிட்டேன். இப்போது கடையில் நான் மட்டும்தான். வியாபாரம் பழையபடிதான் இருக்கிறது. சற்று முன் ஒருவர் வந்து டேங்கைத் தடவிப் பார்த்தார்.

"இது அந்தக் கம்பெனிதானே?"

"இல்லண்ணே. இது நம்ம பிள்ளை."

உன்னைப் போலவே அவருக்குத் தே தாரிக் வாங்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். அந்தத் தே தாரிக்கை உன் நாற்காலிக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.