சிவப்பு தெரியாத விளக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நான் தொண்டையைச் செருமினால்கூட என்ன விஷயம் என்று கேட்கிறாள்.

முதலில் நல்ல செய்தி. நான் பராமரிக்கும் அலுவலகக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் விளக்குகளை மாற்றி முடித்துவிட்டோம். கரண்ட் பில் பாதியாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனால் விளக்கு மாட்டிய மறுநாளே புகாரும் வந்திருந்தது. கேன்டீனில் தக்காளி அழுகினது மாதிரி இருக்கிறதாம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் கை கழுவும் இடத்துக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "என்னைப் பார்த்தா எனக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் போல இருக்கு சார்" என்றார். குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் என்று தேடி வாங்கினால் சில விளக்குகள் நிறத்தில் கைவைத்துவிடும். அதிலும் சிவப்புதான் முதலில் அடிபடும். கேன்டீனிலும் கண்ணாடிக்கு மேலும் மட்டும் நிறத்தைச் சரியாகக் காட்டும் விளக்கு வேண்டும், கொஞ்சம் மின்சாரம் கூடத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி வாங்கினேன்.

அந்த நியாயம் எனக்கு வீட்டில் வரவில்லை. நம் வீடு உனக்குத் தெரியாததா? இரண்டு பக்கமும் கட்டடம். நடுப்பகலிலும் விளக்கு போட்டால்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியும். நாள் முழுக்க எரிகிறதே என்று எல்லா அறைகளிலும் அந்தச் சிக்கன விளக்கையே மாட்டினேன். "உங்கப்பா கஞ்சத்தனம் இப்ப மேல தொங்குது பாரு" என்று அம்மா உன்னிடம் சொல்லிச் சிரித்தாளே, அப்போதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அம்மா ரத்தம் குறைந்து படுத்து எழுந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "திரும்பி வந்தா நிறத்துலயே தெரியும். உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கொஞ்ச நாளாக உதடு வெளுத்த மாதிரித் தெரிகிறது. விளக்குதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த வெளிச்சத்தில் என் உள்ளங்கையே சாம்பல் பூத்த மாதிரித்தான் இருக்கிறது. அவள் கையைப் பிடித்து என் கையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வைக்கவில்லை.

கட்டடத்துக்கு வாங்கிய அந்த நல்ல விளக்கில் ஒன்றை என் காசில் வாங்கி வந்தேன். சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறியும்விட்டேன். கை மேலே போகவில்லை, மகளே. இந்த விளக்கு இருக்கும்வரை பழியை அதன் தலையில் போடலாம். நல்ல விளக்கிலும் அவள் முகம் வெளுத்திருந்தால் நான் எதன்மேல் போடுவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் ஸ்டூலில் நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மா, "அதை எதுக்கு மாத்தறீங்க? இதுவே இருக்கட்டும், கரண்ட் மிச்சம்" என்றாள். என் சிக்கனத்தைக் கேலி செய்யாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவள் சொல்கிறாள் இதை. நானும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று இறங்கிவிட்டேன். விளக்கு பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. சாயங்காலம் என்னோடு நடக்க வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் முழங்கால் வலி என்கிறாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளே இருந்தே பதில் சொல்கிறாள். நேற்று எனக்குச் சாப்பாடு போடும்போது பார்த்தேன், பத்து விரலிலும் நகத்துக்குச் சாயம் பூசியிருக்கிறாள். கல்யாணத்தன்றுகூடப் பூசாதவள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சிவப்பா பழுப்பா என்று இந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. டாக்டர் அன்று என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருப்பார் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்வாள். அதை நானும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிடுவேன். நீ கூப்பிட்டால் மறுக்க மாட்டாள். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். எப்படியாவது வந்துவிடு. உன் பெட்டியைக்கூட வீட்டுக்குள்ளே கொண்டுவராதே; அம்மாவைத் தெருவுக்குக் கூப்பிட்டு, வெயிலில் நிற்க வைத்து ஒரு தடவை பார். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் வாசலிலேயே நிற்கிறேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

அன்புடன்,
அப்பா