பெக்கான் நானாஸ் முழங்கால் படை

5-ந்தேதி, திங்கள். விடாத மழை.

சத்தியம் செய்து தொடங்குகிறேன்: இதில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் பாதிதான் நம்புவேன்.

அக்கா மகள் மாலதி, எலும்பு டாக்டர். இப்போது சிகாமட் அரசாங்க மருத்துவமனையில். இங்கே ஜொகூரில், தெப்ராவ் தனியார் மருத்துவமனையில் நாளை மறுநாள் இரண்டாம் நேர்காணல். கிடைத்தால் அக்காவோடு இருக்கலாம். அக்காவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, வாராவாரம் நெடுஞ்சாலைதான் மாலதிக்கு வீடு.

போனில் அழாத குறை. “மாசம் எத்தனை ஆபரேஷன் கொண்டு வருவீங்கன்னு போன தடவை கேட்டாங்க மாமா. மறுபடியும் கேப்பாங்க.”

“நூறுன்னு அடிச்சு விடு லா.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

என் அக்கா வயிற்றிலா இப்படி ஒரு பிள்ளை.

6, செவ்வாய். வெயில்.

கடிகாரத்துக்கு பேட்டரி வாங்க வேண்டும். மறதி.

அன்னாசி ஊரான பெக்கான் நானாஸ் கோயில் கமிட்டிக்கு போன். முழங்கால் வலி இல்லாதவருக்கு அங்கே பதவியே கிடையாது. நாளை திரண்டு வருகிறார்கள். பதினெட்டுப் பேருந்து. பின்னால் அன்னாசி லாரி.

7, புதன். மேகமூட்டம். உள்ளம் மட்டும் உச்சி வெயில்.

மருத்துவமனை வரவேற்பறை கைத்தடிக் காடு. எண்ணிக்கைக்காகக் கடைசி நாற்காலியில் நானும். மேனேஜர் தேவன் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

“எல்லாரும் டாக்டர் மாலதி பேஷண்டா, அங்கிள்?”

“இது முதல் வண்டிதான் தம்பி.”

நேர்காணலைப் பாதியில் நிறுத்தி மாலதியைக் கூட்டி வந்தார். அவள் முறைத்த முறைப்பில் என் மூக்குக்கண்ணாடி உருகிவிட்டது. ஆனாலும் குனிந்து ஒவ்வொரு முழங்காலாக அழுத்திப் பார்த்தாள்.

கமிட்டி செயலாளர்: “ஆபரேஷன் எப்பம்மா?”

“வேணாம் அங்கிள். எடையைக் குறைங்க. தினம் நடங்க.”

வரிசை முழுக்க இதே தீர்ப்பு. என் முழங்காலிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள்.

தேவன் முகம் நேற்றைய தோசை. “அப்ப மாசம் எத்தனைதான் டாக்டர்? நம்பர் இல்லாம எடுக்க முடியாது.”

“பேஷண்டப் பாக்காம எப்படி சார் நம்பர் சொல்றது?”

நேர்காணல் குழுவிலிருந்த வழக்கறிஞர் அம்மா தேவனை ஓரமாக இழுத்தார். கிசுகிசுதான், சிங்கப்பூர் வரை கேட்டிருக்கும்.

“இத்தனை பேர் முன்னால கேட்டுட்டீங்க. வருமானம் வராதுன்னு இந்த டாக்டரைத் தள்ளினா, கோர்ட்டுல என்ன காரணம் சொல்வீங்க? நாளைக்கு எவனாவது தேவையில்லாம வெட்டிட்டாங்கன்னு கேஸ் போட்டா, இந்தக் கேள்விதான் நம்ம கழுத்துக்கு வரும். தகுதியை மட்டும் பாருங்க.”

வீட்டு வாசலில் மாலதி: “மாமா, இனி என் விஷயத்துல தலையிடாதீங்க.”

இரவு சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

9, வெள்ளி. தூறல்.

வேலை கிடைத்துவிட்டது. நம்பர் எதுவும் கேட்காமல். நான் குதித்ததில் ஜொகூர் பாலமே ஆடியது. அக்கா ஒரு கையாலேயே கேசரி கிண்டினாள்.

குதித்து இறங்கியபோது என்னைப் பிடித்துக்கொண்டு மாலதி சொன்னாள்: “அந்தக் கூட்டத்துல ஆபரேஷன் வேண்டியது ஒருத்தருக்குத்தான் மாமா. அங்க சொன்னா அதையும் அவங்க நம்பர் கணக்குல சேர்த்திருப்பாங்க.”

பேட்டரி வாங்கவில்லை.

பதினெட்டுப் பேருந்து என்றது ஒரு வேன்தான். கைத்தடிக் காட்டில் பாதி குடைகள். அன்னாசி லாரி சுத்தப் பொய். என் இடது முழங்கால் மட்டும் நிஜம்.