கால்நீட்டி வண்டி

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மைத்துனன் உன் வண்டியின் கியர்க் கம்பியைக் கழற்றிக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தான். "அண்ணே, இது ஆடுது. செத்த பாருங்க" என்றான். கையில் எடுத்தேன். மல்லிகை வாசமும் கருகிய எண்ணெய் வாடையும் சேர்ந்து அடித்தது. எந்த மூக்குக்கும் பிடிக்காத கலவைதான். எனக்கு மட்டும் நீ பட்டறை வாசலில் வந்து நிற்பதாகத் தோன்றியது. தேய்ந்த ஆணியை மாற்றி இறுக்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் ஆணிதான் தேய்ந்திருக்கிறது, கம்பி தேயவில்லை. என் வேலை அப்படி. நீ இருந்தால் "ஆரம்பிச்சுட்டாண்டா" என்றிருப்பாய்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சலில் போவாய் என்று யார் நினைத்தார்கள்? சாலையில் போய்விடுவாய் என்றுதான் ஊரே ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி உன்னை ஒரு நாளும் கீழே போடவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

உன் முட்டி இறுகிப்போன வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன் பறித்த மல்லிகை மொட்டை சைக்கிளில் கட்டி, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவாய். மழையில் பாலத்துக்குக் கீழே சைக்கிளோடு விழுந்தாய். கட்டுப் பிரித்தபோது வலது கால் கம்பாக நின்றது, மடங்கவே இல்லை. என்னோடு உட்கார்ந்து பூட்டுக்கு அரம் போடு, இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். "உக்காந்த எடத்துல காலம் தள்ள நான் ஆளில்ல மாப்ள" என்றாய். கோபம்தான் வந்தது எனக்கு. என் தொழிலை உட்கார்ந்த இடம் என்று சொல்லிவிட்டாயே.

தோட்டக்கார அக்கா கறாரானவர். ஐந்து தோட்டத்துப் பூவுக்கும் அவர் சொன்னதுதான் பேச்சு. "பங்குனி பொறக்குற வரைக்கும் பாப்பேன். வந்தா உன் சுமை உனக்கு. வராட்டி வேற ஆளு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சைக்கிள் மிதிக்க முடியாது. மாட்டு வண்டியில் வந்தால் சந்தை முடிந்துவிடும். அந்தச் சுமை போனால் உனக்கு வேறு பிழைப்பு இல்லை, வீட்டில் உன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அப்போதுதான் புகையிலைக் கிடங்கில் ஓர் இரும்புப் பெட்டி திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. சாவி தொலைந்து பல வருஷம். ஒரு பகல் முழுக்கக் காதை வைத்துக் கேட்டுத் திறந்தேன். கூலி என்ன வேண்டும் என்று கிடங்குக்காரர் கேட்டார். பின்கட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த பட்டாளத்து மோட்டார் சைக்கிளைக் காட்டினேன். வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவர் சிரித்தார். "கோழியையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். கோழியை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.

அதற்கு முன் நாம் மோட்டார் சைக்கிளைத் தொட்டதில்லை. ஆனால் கையில் அரமும் கண்ணில் அளவும் இருக்கிறவனுக்கு எதுவும் இரும்புதான் என்று நான் சொன்னேன், நீயும் நம்பினாய். காசு போட்டு வாங்கிய சாமான் என்று அதில் அதிகம் இல்லை. பெட்ரோல் டாங்கியின் ஓட்டைகளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடைத்துக் கொடுத்தார். தோல் பதனிடும் ஷாப்பில் கழித்துப்போட்ட எருமைத் தோலுக்குள் தேங்காய் நாரை அடைத்து நீயே இருக்கை தைத்தாய். தையல் கோணல். கடைசி வரை அது இடது பக்கம் சரிந்துதான் இருந்தது.

உன் காலுக்குத்தான் வண்டியையே திருப்பிப் போட்டோம். அந்த வண்டியில் கியர் வலது காலுக்கு. உன் வலது கால் பாதம் எதையும் அழுத்தாது. எனவே கியரிலிருந்து ஒரு நீண்ட கம்பியை மேலே ஏற்றி, டாங்கி ஓரத்தில் கைப்பிடி வைத்தேன். மேலே இழுத்தால் ஒன்று, கீழே தள்ளினால் அடுத்தது. மடங்காத காலை எங்கே வைப்பது? ஜட்கா வண்டியின் கால்படி ஒன்றை முன்சக்கரத்துக்கு அருகில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். நீ ஏறி உட்கார்ந்து காலை நேராக நீட்டினாய். சிம்மாசனத்தில் சாய்ந்த ராஜா தோற்றான். உதைத்துக் கிளப்ப என்ன செய்வாய் என்று நான் கவலைப்பட, நீ இறங்கி வலப்பக்கம் நின்று, மடங்காத காலைத் தூணாக ஊன்றி, இடது காலால் ஓர் உதை விட்டாய். "நொண்டிக் காலுக்கும் ஒரு வேல வந்துருச்சு பாத்தியா" என்றாய். அன்றைக்கு நான் அழுதேன், நீ பார்க்கவில்லை.

இனி என் தப்பு. எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங், பிஸ்டனைச் சுற்றி நிற்கும் ஓரிடத்தில் வெட்டு விட்ட இரும்பு வளையம், தேய்ந்து போயிருந்தது. புதிது மதராசுக்குப் போனால்தான் கிடைக்கும். லாரிப் பட்டறை மேஸ்திரி பழைய ரிங் இரண்டைக் கொடுத்தார். அவற்றை அளவுக்கு அறுத்து அராவி மாட்ட வேண்டும். "ரிங்கோட ரெண்டு முனையும் முட்டக் கூடாது, சந்து விடுங்க. சூடேறினா இரும்பு வளரும்" என்று அவர் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "மேஸ்திரி, சந்து விட்டா எங்க தொழில்ல திருடன் வந்துருவான்."

பூட்டுக்காரன் புத்தி அது. பத்து வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு இரும்புக்கு நடுவில் முடி நுழையக் கூடாது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுகிறவனைக் கேட்டிருந்தால்கூட இரும்பு வளரும் கதையைச் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. மூன்று நாள் அராவி, முனையும் முனையும் ஒட்டி நிற்கும்படி அந்த ரிங்கை மாட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு தெரியாது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

பங்குனி முதல் நாள் பூ ஏற்றிக்கொண்டு நீ கிளம்பினாய். நான் பூ மார்க்கெட்டில் காத்து நின்றேன். வெயில் ஏறியது, ஏலம் முடிந்தது, பூக்காரிகள் எழுந்து போனார்கள். பத்து மணிக்கு மேல் ஒரு மாட்டு வண்டியில் வந்தாய். வண்டி மேல் மோட்டார் சைக்கிள், அதன் மேல் பழுத்துப்போன மொட்டு. "நல்லாத்தான் ஓடுச்சு மாப்ள. பாதி வழியில கப்புனு புடிச்சுக்கிருச்சு" என்றாய். எஞ்சினைப் பிரித்தேன். சூட்டில் வளர்ந்த ரிங் இடமில்லாமல் சிலிண்டரைக் கவ்விக் கீறியிருந்தது. என் அழகு வேலை. உன்னிடம் காட்டினேன். விரலால் கீறலைத் தடவிவிட்டு, "சரி, யாருகிட்டயும் சொல்லாத" என்றாய்.

மறுநாள் விடிந்ததும் அதே மாட்டு வண்டியில் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். அக்கா கிணற்றடியில் கூடைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"என் தப்புதாங்கக்கா. எஞ்சினுக்கு எண்ணெ ஊத்த மறந்துட்டேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மறதிக்காரன் கையில மொட்டக் குடுக்க முடியாது அப்பு. அஞ்சு தோட்டத்துக்கு நான் பதில் சொல்லணும். வேற ஆளு சொல்லிக்கிறேன்."

நீ ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாய். நீ சாலைக்குப் போய்ச் சேர்ந்து வண்டிமாட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது, அக்காவும் நானும் பின்னால் வந்தோம். அவர் உன்னிடம் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். "ஏலே, உன் கூட்டாளி ரிங்க இறுக்கி மாட்டிப்புட்டானாம், சொல்லிட்டான். வேல தப்புன்னா திருத்திக்கிடலாம், புத்தி தப்புன்னாத்தான் ஒன்னும் செய்ய ஏலாது. எட்டு நாள் தாரேன்."

திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டினாய். "நாந்தான் சொல்லிட்டேன்ல? நீ ஏண்டா வாயத் தொறந்த? நாளைக்கு உன் பூட்ட எவன் வாங்குவான்?" பிழைப்பு உன்னுடையது போயிருக்கும், நீ கவலைப்பட்டதோ என் பூட்டுக்கு. இப்படி ஒருவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, மாப்பிள்ளை.

மேஸ்திரியிடம் போய் நின்றேன். வேறு ரிங் கொடுத்தார், சிலிண்டரின் கீறலைத் தேய்த்து எடுக்கவும் கூடவே உட்கார்ந்தார். இந்த முறை முனைகளுக்கு நடுவில் ஒரு தபால் கார்டு நுழையும் அளவு விட்டேன். "என்ன பூட்டுக்காரரே, திருடன் வர வழி விட்டாச்சா?" என்று கேட்டார். சிரித்துத் தொலைத்தேன். ஏழாம் நாள் வண்டி ஓடியது. எட்டாம் நாள் ஏலம் தொடங்குவதற்கு முன்பே மார்க்கெட்டில் பூ இறங்கியது.

அதன் பிறகு பழனி சாலையில் உன்னைத் தெரியாதவர் யார்? கால்நீட்டி வண்டி என்று பெயரே வைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "என்னய்யா, வண்டியா சாய்வு நாற்காலியா?" என்று கேட்டதும், நீ இறங்காமலே, "ரெண்டுந்தாங்க, உக்காந்து பாக்குறீங்களா?" என்றதும் டீக்கடைகளில் பல மாதம் ஓடியது. போன இடமெல்லாம் இன்னொரு கதையும் சொன்னாய். "எம் மாப்ள இருக்கானே, யாரும் கேக்காமயே தன் தப்ப ஒத்துக்கிட்டவன். அம்புட்டு நேர்மை." கல்யாண வீட்டில் சொன்னாய், கோயில் கொடையில் சொன்னாய், உன் பிள்ளைகளிடமும் சொன்னாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்தாய்.

அடக்கம் இல்லை. நீ வரப்பில் நடந்து போனபோது நடந்தது உனக்குத் தெரியாது. நான் கிணற்றடியிலேயே நின்றேன். உண்மையைச் சொன்னால் ஊரில் என் அரத்துக்கு இருக்கும் பெயர் போய்விடும் என்று மனசு கணக்குப் போட்டது. நீ பாதி வரப்பைக் கடக்கும் வரை பார்த்தேன். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சொல்வதற்காக அல்ல, உன் பின்னால் வருவதற்காக. அப்போதுதான் அக்கா கூப்பிட்டார்.

"இந்தா தம்பி, எண்ணெ ஊத்த மறக்குற ஆளாத் தெரியலையே அவன். நெசமாவே மறந்துட்டானா?"

கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் என் நேர்மை. கேட்டதாக அவரும் உன்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் துண்டோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நீ அந்தக் கதையை முதல் தடவை சொன்ன வாரம் முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பூட்டு வாங்க வருகிறவர் கையில் கொடுப்பதற்கு முன், இதில் இன்ன குறை இருக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன். வில் கொஞ்சம் தளர்ச்சி என்பேன், இந்தச் சாவி மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் என்பேன். வியாபாரம் தெரியாதவன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாரும் கேட்காமலே ஒத்துக்கொண்டவன் என்று நீ என்னைப் பற்றிச் சொன்னது பொய், மாப்பிள்ளை. அதை மெய்யாக்கத்தான் இத்தனை வருஷமாக வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன்.