கிளச்சில் ஒரு கால்

பெப்ரவரி 6, 1996. செவ்வாய்.

பனி. வெறும் பனி என்று எழுதினால் பனிக்கே அவமானம். வானத்தில் யாரோ மா மில் திறந்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் என் மீசை உறைந்து, உருகி, மறுபடி உறைந்தது. இடது கைக் கையுறையைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கூட்டாளி குணம் அப்படியே. ஸ்ரோக் அடித்த நாளிலிருந்து வலப்பக்கம் அசைவில்லை. பேச்சில்லை. கண் திறந்திருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தால் யன்னல் வெளிச்சம்தான் தெரிகிறது.

டொக்டர் சொன்னதை அவன் மகள் மதுரா தாய் சறோவுக்கு மொழிபெயர்த்தாள். வருகிற செவ்வாய் சோதனை. சொல்வதைக் கேட்டு அடுத்தடுத்து இரண்டு காரியம் செய்ய வேண்டும். செய்தால் ரீஹாப், பயிற்சி கொடுத்து எழுப்பப் பார்ப்பார்கள். செய்யாவிட்டால் நேர்சிங் ஹோம், கிடந்தபடி கிடக்க வேண்டியதுதான். அதுவும் நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் பக்கம். கிட்ட எங்கும் கட்டில் இல்லையாம்.

சறோ: "அங்க பஸ்ஸே போகாதாம் அண்ணை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. வேலையும் முடிஞ்சு நான் எப்பிடிப் போய்ப் பாக்கிறது?"

"நான் உன்னைத் தோளில தூக்கிக்கொண்டு போவன் பிள்ளை."

"பகிடியை விடுங்கோ அண்ணை."

விட்டேன். விட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

வாங்க வேண்டியது: வெங்காயம், சவர்க்காரம், கையுறை.

பெப்ரவரி 7, புதன்.

வெயில், ஆனால் பொய் வெயில்.

காலையில் வேலை. அஜின்கோர்ட் கார்ப்பாக்கின் கண்ணாடிக் கூண்டில் ரிக்கெற் கிழிக்கிற சிம்மாசனம். என் ஆட்சியில் இன்று கார்கள் சில, புறாக்கள் பல. பின்னேரம் ஆஸ்பத்திரி.

தெரிந்த விஷயத்தைக் கதையுங்கள், அது மூளையைத் தட்டி எழுப்பும் என்று நேர்ஸ் சொன்னாளாம். இந்த ஊரில் அதற்கு என்னைவிட ஆளுண்டா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். பிரான்சில் நானும் குணமும் வேலை செய்த கொம்பனி. பச்சை நிற லொறிகள். ஒவ்வொன்றும் ஒரு தேர், இல்லை, ஒரு கோயில், இல்லை, கோயிலோடு சேர்ந்த குளம். மின்சார நிலையத்துக்கு ட்ரான்ஸ்போமர் ஏற்றினால் பூமி அந்தப் பக்கம் சரியும். கடல் வழிந்து இங்கிலாந்துக்காரனுக்குக் கால் நனையும். ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது கல்யாணம் கட்டின பெட்டை, நாங்கள் வெளியே வரும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். அவ்வளவு வேகம்.

முன்னால் இழுக்கிற லொறி ஒன்று. பின்னால் தள்ளுகிற லொறி ஒன்று. தள்ளுகிறவன் குணம். அவனுக்கு முன்னால் பாரம் மலைபோல் நிற்கும். பாதை தெரியாது, வானம்கூடத் தெரியாது. பாரத்தின் வாலில் நடக்கிறவன் நான். வால்பக்கத்து மகாராசா. நான் சொன்னால் நிற்பான், நான் சொன்னால் போவான். எங்கே நின்றாலும் நான் பாரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு ரயராகத் தட்ட வேண்டும். கோயில் வீதி சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் சுற்றுவேன். எங்களை மேய்க்கிற போர்மன் திட்டித் திட்டிக் களைத்து, கடைசியில் அவனும் வலமாகச் சுற்றத் தொடங்கினான்.

எல்லாம் சொன்னேன். இடைக்கிடை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக நான் எந்தப் புளுகை அவிழ்த்தாலும் அவன் ஒரு வரி போடுவான்: "ஓம், நானும் பாத்தனான்." கல்யாண வீட்டிலும் போடுவான், செத்த வீட்டிலும் போடுவான். அந்த ஒரு வரியில்தான் என் கதைகள் இவ்வளவு காலமும் எழும்பி நின்றன.

இன்று ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்காரன் கால் நனைந்தது சும்மா.

பெப்ரவரி 9, வெள்ளி.

உறைபனி. நடைபாதை முழுவதும் கண்ணாடி.

வெட்கக்கேடு. லொறி ஹோர்ண் சத்தம் கேட்டால் எழும்புவான் என்று நினைத்தேன். வாயால் ஊதினேன். முழு மூச்சில். பக்கத்துக் கட்டில் கிழவர் குடித்துக்கொண்டிருந்த ரீயைத் தன் நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். நேர்ஸ் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் என்னவோ முணுமுணுத்தாள். மதுராவைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

சறோ வாசலுக்கு வெளியே கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வராதேங்கோ. அவருக்குக் கவனம் வேணும். உங்கட பெரிய கதையள் கேட்டு அந்தாள் குழம்பிப் போகும்."

"நான் வாயைத் திறக்கேல்ல. மூலையில இருக்கிறன்."

"உங்களால ஏலாது அண்ணை. உங்களுக்கே தெரியும்."

ஓம். தெரியும்.

பஸ்ஸில் முன் சீற்றில் இரண்டு பெண்டுகள்: "கத்தரிக்காய் விலையைப் பாத்தியே? தங்கத்தில காய்க்குதாக்கும்." நல்ல புளுகு. வேறு நாளென்றால் சேர்ந்து சிரித்திருப்பேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு.

மப்பு வானம். வெக்ஸ்போர்ட்டில் நான் குடியிருக்கிற நிலக்கீழ் பேஸ்மென்ற் யன்னலில் அடுத்த வீட்டுக்காரனின் சப்பாத்து மட்டும் தெரிகிறது. பருப்பு அடிப்பிடித்தது. சட்டியோடு வெளியே பனியில் வைத்தேன்.

யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

குணம் ஸ்ரௌவ்விலுக்குப் போனால் சறோ மெலிந்து போவாள். மதுரா படிப்பை விட்டுவிட்டுக் கார் வாங்குவாள். நான்? எனக்கு வீட்டில் ஆளில்லை, உலகத்தில் ஒரு சாட்சி மட்டும் உண்டு. அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால், நான் பிரான்சில் இருந்தேன் என்பதற்கே யார் பொறுப்பு? கார்ப்பாக்கில் ரிக்கெற் கிழிக்கிற கிழவன் வாய்க்கு வந்ததைக் கதைக்கிறான் என்பார்கள். சரியாகத்தான் இருக்கும்.

ஒரு கதை யாரிடமும் சொல்லவில்லை. இதில் மிகைப்படுத்தல் கிடையாது. பிரான்சில் ஒருநாள் மழை. ஒரு சின்ன ஊரின் சந்தியில் நின்றோம். சுற்றி வரும்போது குனிந்து பார்த்தேன், ரயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டை குந்தியிருக்கிறாள். பாரத்துக்குக் கீழே போன பூனையைக் கூப்பிடுகிறாள். தூக்கிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தேன். குணம் தன் சீற்றிலிருந்து பார்த்தான். அன்று முழுவதும் அவன் சாப்பிடவில்லை. நானும் பகிடி விடவில்லை.

பெப்ரவரி 12, திங்கள்.

குளிர் குறைவு. கையுறை கிடைத்தது. கோட்டுப் பொக்கற்றிலேயே இருந்திருக்கிறது.

மதியம் கூண்டுக்குப் போன். மதுரா.

"அங்கிள், கென் யூ கம்? அம்மா வேலையில. ஸ்பீச் லேடி அப்பாவோட வேலை செய்த ஆரையாவது கேக்கிறா. டோன்ற் டெல் அம்மா."

என் சாம்ராச்சியத்தை கூட வேலை செய்கிற பிலிப்பீன்ஸ் பெடியனிடம் ஒப்படைத்துவிட்டுப் பறந்தேன்.

பேச்சுப் பழக்குகிற ரீச்சர் இளம் பெண். தலைமயிரில் பென்சில் செருகியிருந்தாள். கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னது. வேலையில் அவர் கை என்ன செய்யும்? கால் என்ன செய்யும்? யார் அவருக்குச் சொல்வது?

நான் வேர்சாய் அரண்மனையிலிருந்து தொடங்கினேன். மதுரா: "அங்கிள், ஐ'ம் நொட் ரான்ஸ்லேற்றிங் தற்."

மொழிபெயர்க்கமாட்டாளாம். சரி என்று உள்ளதைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் அப்போது பிரெஞ்சு வராது. ரேடியோவில் போர்மன் கத்துவது எங்களுக்குக் காக்கைச் சத்தம். அதனால் தட்டுத்தான் எங்கள் பாஷை. லொறிக் கதவில் நான் ஒரு தட்டுத் தட்டினால் நில். தள்ளுகிறவன் உடனே இடது காலால் கிளச்சை மிதித்து எஞ்சினின் தள்ளலை அறுக்க வேண்டும். முன் லொறி நின்ற பிறகும் பின் லொறி தள்ளினால் பாரம் மடங்கிக் கவிழும். எப்படித் தட்டினீர்கள் என்று ரீச்சர் கேட்டாள். கட்டில் கம்பியில் காட்டினேன். முஷ்டியால். ஒன்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. போர்வையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

மதுரா: "மறுபடி தட்டச் சொல்றா."

தட்டினேன். போர்வைக்குள் குணத்தின் இடது கால் நீண்டு கட்டில் பலகையை மிதித்தது. இறுக்கி. அப்படியே நின்றது.

நான் அழவில்லை என்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

அது ஒன்று. இரண்டாவது வேண்டும். காலை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். "காலை எடடா." இல்லை. "அப்பா, லெற் கோ." இல்லை. இரண்டு தட்டுத் தட்டினேன்; கொம்பனியில் அதுதான் காலை எடுப்பதற்கு. இல்லை. மறுபடி. மறுபடி. கால் நடுங்குகிறது, முகம் வேர்க்கிறது, எடுக்கிறான் இல்லை. கடைசியில் நேர்ஸ் வந்து தன் கையால் முழங்காலை மடக்கிவிட்டாள்.

ரீச்சர்: நாளைக்கு டொக்டருக்கு முன்னால் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டுமென்றால் வெறும் உதறல் என்று சொல்லிவிடுவார்கள்.

சறோ அந்த நேரம் பார்த்து வந்தாள். வேர்த்துக் கிடந்த புருசனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சு எழுப்பப் பாக்கிறியளோ?"

மதுரா விளங்கப்படுத்த முதலே நான் வெளியே வந்துவிட்டேன். தட்டினேன், சரியாகத் தட்டினேன். ஏன் எடுக்கவில்லை? ஏன்டா?

சாப்பிடவில்லை. பருப்புச் சட்டி இன்னும் பனிக்குள்.

பெப்ரவரி 13, செவ்வாய்.

மறுபடி பனி. போக வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வோர்டன் வீதியில் பஸ் சறுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, நடைபாதை விளிம்பில் இடித்து நின்றது. டிரைவர் இறங்கினான். சீக்கிய மனுசன், தலைப்பாகையில் பனி. பஸ்ஸைச் சுற்றி நடந்தான். ஒவ்வொரு சில்லின் ரயரையும் காலால் உதைத்தான். பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடியில் தெரிந்தான், மறைந்தான், வலது கண்ணாடியில் தெரிந்தான்.

சீற்றிலிருந்து எழும்பிவிட்டேன். "ஐயோ, நான் சுத்தி வரேல்ல!" பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பூனையைக் கூப்பிட்ட அந்தப் பெட்டைக்குப் பிறகு குணம் ஒருநாளும் தட்டுக்கு மட்டும் கால் எடுத்ததில்லை. மழையில் நனையப் பஞ்சிப்பட்டு ஒருமுறை சுற்றாமல் வந்து இரண்டு தட்டினேன். கிளச்சை மிதித்தபடி இருந்தான். "ஒரு கண்ணாடியிலதான் உன்ர தலை தெரிஞ்சது. போய்ச் சுத்து." எல்லாரும் கியரை நியூற்றலில் போட்டுவிட்டுச் சிகரெற் பிடிக்கிற நேரம், இவன் மட்டும் மிதித்தபடி இரண்டு கண்ணாடியும் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்பது என் புளுகுகளில் எல்லாம் பெரிது, ஆனால் உண்மை.

அறைக்குள் டொக்டர், ரீச்சர், சறோ, மதுரா. கண்ணை மூடச் சொல்லிவிட்டார்கள், கையைத் தூக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பாஷையிலும். ஒன்றையும் அவன் செய்யவில்லை. டொக்டர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒருக்கா. வாய் திறக்கமாட்டன்."

சறோ என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ. விலகி நின்றாள்.

ஒரு தட்டு. கால் மிதித்தது. டொக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

நடந்தேன். கட்டிலின் இடப்பக்கமாக, அவன் கண்ணுக்கு முன்னால். குனிந்து கட்டில் காலின் சில்லைத் தட்டினேன். தலைமாட்டால் சுற்ற வழியில்லை, சுவர். கட்டிலை இழுத்தேன். ரீச்சர் ஒன்றும் கேட்காமல் மற்றப் பக்கம் பிடித்து இழுத்தாள். அடுத்த சில்லு. அடுத்தது. கடைசியில் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பழக்கம். மதுராவின் புத்தகப் பை மட்டும். எழும்பும்போது அவன் கண் என் தலையோடு வந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை.

இரண்டு தட்டு.

கால் எழும்பியது.

ரீச்சர் டொக்டரிடம் வேகமாகக் கதைத்தாள், இரண்டு விரலைக் காட்டினாள். டொக்டர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி செய்தோம். சுற்றாமல் தட்டிப் பார்க்கச் சொன்னார், எடுக்கவில்லை. சுற்றி வந்து தட்டினேன், எடுத்தான். பேனா திறந்தது. ரீஹாப். முதலில் கொஞ்ச நாளைக்கு, பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும்.

சறோ அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், என்னைத் திட்டுகிறாள், இரண்டும் ஒன்றாக. "அண்ணை, இவ்வளவு நாளும் அந்த ஊர்க்கதை எல்லாம் சொன்னியள், இதைச் சொன்னியளே?"

அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் கதைத்துக்கொண்டிருக்க, குணத்தின் கால் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. நடுங்குகிறது. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசிச் சொல்லை நான் சொல்லவேயில்லை. இரண்டு தட்டுக்குப் பிறகு நான் கத்துகிற 'போ'; அந்தக் கொம்பனியில் நாங்கள் முதன்முதல் படித்த பிரெஞ்சு.

வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

"அலே!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில் கிழவரின் ரீ மறுபடி போய்விட்டது.