நாற்பத்தொரு இடங்களில் வெட்டினேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் அங்கே ஆப்பிரிக்காவில் சுகம்தானா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நீங்கள் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு போன திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் வானொலியில் போனது. அன்றோடு என் நிம்மதியும் போனது. ஒலிப்பதிவைச் சரிசெய்ய வைத்த ஆளான என் தலையில்தான் நேயர் தபாலைப் பிரிக்கிற வேலையையும் கட்டியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். சாதாரணமாக வாரத்துக்கு இருபது கடிதம் வரும். அதில் பாதி பிறந்தநாள் வாழ்த்து. உன் பாட்டுக்கு மட்டும் நூற்றுப் பத்து வந்திருக்கிறது. போன் தனி.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பாட்டின் நடுவில் ஆப்பிரிக்கக் குரலுக்கு என்ன வேலை, வாசலில் வழி கேட்டவர் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறார். தையற்கடைக்காரர் ஒருவரோ, அந்தம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாட, பின்னாடி கூட்டமே பதில் சொல்லுதே, அந்த இடத்துல என் கால் தானா மிஷினை மிதிக்குது, தினமும் போடுங்க என்று போனில் கெஞ்சுகிறார். பாட்டு வகுப்பு நடத்தும் ஓர் அம்மாளுக்குச் சுருதியே பிடிக்கவில்லையாம். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுதியதுதான் எனக்குச் சுருக்கென்றது. முழுப் பாட்டையும் நம்ம ஆள் பாடறாரு, அவங்களைத் தொட்டுக்க மட்டும் வெச்சிருக்கீங்க, இதுக்குப் பேர் கலப்பா என்று கேட்டிருக்கிறாள். நீதான் பதில் சொல்லவேண்டும், எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மேலாளர் எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். என் மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டார், பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. சாயங்காலம் ஆனால் ஸ்கேலோடு வந்து நிற்கிறார். மாதக் கடைசியில் எந்தத் தட்டு உயரமோ அதன்படி பாட்டு இருக்கும் அல்லது போகும். ஜனங்கள் அப்படியா எழுதுகிறார்கள்? பாட்டு சகிக்கவில்லை, ஆனால் நிறுத்திவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை எந்தத் தட்டில் போடுவது? கிழித்துப் பாதிப் பாதியாகப் போடலாமா என்று மீட்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு பஸ் டிரைவர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்கங்க பல்லு விழுந்த மாதிரி ஓட்டை இருக்கு என்கிறார். ஓட்டை உங்கள் பஸ்ஸில் இருக்கும் ஐயா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது. நீ அனுப்பிய பதிவு படுமோசம். கேபிள் சரியில்லை போலிருக்கிறது, உன் வீட்டுக்காரி பாடுகிற இடமெல்லாம் டக் டக் என்று ஒரே சத்தம். மொத்தம் நாற்பத்தொரு இடம். கம்ப்யூட்டரிடம் விட்டால் குரலையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று, கையாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டினேன். பாதி நாள் போயிற்று. இப்போது அவள் குரல் பளிச்சென்று இருக்கிறது. அம்மாகூடக் கேட்டுவிட்டு, பரவாயில்லையே, நம்ம பொண்ணுங்க மாதிரிதான் பாடறா என்றாள். இந்த இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு ஒரு நன்றி சொல். முதலில் நல்ல கேபிள் வாங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தபாலில் மூழ்கிக்கொண்டிருக்கும் உன் அக்கா

*

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஏழே வரி. நீ அன்புள்ள என்று போடவில்லை, நானும் போடவில்லை.

பாட்டைக் கேட்க உன் மாமியார் வீட்டில் பதினோரு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். பாதியிலேயே உன் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார், உன் வீட்டுக்காரி அன்றிலிருந்து வாயைத் திறந்து பாடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அது கேபிள் சத்தம் இல்லை, அவள் நாக்கால் எழுப்புகிற ஒலி, அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது, பிடிக்காவிட்டால் பாட்டைப் போடாமல் இருந்திருக்கலாமே, நாக்கை ஏன் வெட்டினாய் என்று என்னைக் கேட்கிறாய்.

தெரிந்து செய்தேன் என்றா நினைக்கிறாய்? பன்னிரண்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பேச வருகிற பெரியவர்களின் பல்செட் சத்தம், பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம், நாற்காலி முனகுவது என்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். டக்கென்று கேட்டால் என் கை தானாகப் போகும். ஒரு துண்டுக் காகிதத்தில், அக்கா, இது இப்படித்தான் இருக்கும், கை வைக்காதே என்று எழுதி அனுப்ப உனக்கு என்ன கேடு? பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு மௌனசாமி ஆகிவிட்டாய்.

ஆத்திரத்தில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் ஸ்டுடியோவுக்குப் போய், நீ அனுப்பியதை அப்படியே ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். பொய் சொல்லமாட்டேன், முதல் தடவை அப்போதும் அது எனக்குக் கோளாறாகத்தான் கேட்டது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவைதான் அந்த ஒலியில் கால் வைத்து அவள் குரல் மேலே ஏறுகிறது என்று புரிந்தது. கூட்டத்தார் பதில் பாடுவதும் அந்த ஒலியை வாங்கிக்கொண்டுதான். நான் வெட்டிய இடங்களில் பாட்டு நொண்டுகிறது. பஸ் ஓட்டுகிறவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. என்னை எதால் அடிப்பது?

உன் ஏழாவது வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டு அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாளே, அது அவள் பெயர் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒலியில்தான் அவள் பெயர் தொடங்குகிறது என்று.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேனா இல்லையா? உங்க வாயில வராதுக்கா என்று சொல்லி, அந்த ஒலியை எடுத்துவிட்டு, அம்மாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மிச்சத்தை மட்டும் நீ கொடுத்தாய். முதலில் வெட்டியது நீ. என் பங்கு அதற்குப் பிறகுதான் வந்தது. நான் தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை போனை அவளிடம் கொடு என்று நான் கேட்டிருந்தால் அந்த ஒலி என் காதில் விழுந்திருக்கும். என்ன பாஷையில் பேசுவது என்று சாக்குச் சொன்னேன். பாஷை இல்லாமலா எதிர்வீட்டுக் கைக்குழந்தையோடு மணிக்கணக்கில் பேசுகிறேன்? மனசு இல்லை, அவ்வளவுதான்.

முழுப் பாட்டையும் ஒலிபரப்பச் சொல்லி மீட்டரிடம் கேட்கப் போகிறேன். அவளிடம் இதைச் சொல்.

அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. நீ படிக்கிறாயோ இல்லையோ, நான் எழுதிவிடுகிறேன்.

மீட்டர் முடியாது என்றுவிட்டார். இப்பதான் பிடிச்ச தட்டு ஒசந்துட்டு வருது, அதுவும் நீ சுத்தம் பண்ணின பாட்டுக்கு, மறுபடி டக் டக்குன்னு போட்டா ரேடியோ ரிப்பேர்னு நெனச்சு தலையில தட்டுவாங்க என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சுவரில் முட்டிக்கொள்வதும் அவரிடம் பேசுவதும் ஒன்று. நான்கு நாள் முட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேயர் கடித நிகழ்ச்சி. அதை வாசிக்கிற அறிவிப்பாளரை நாங்கள் வெண்கலம் என்போம், குரல் அப்படி. நான் தட்டச்சு செய்து கொடுப்பதை முன்கூட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்துதான் முதல் தடவையாகப் பார்ப்பார், அதில் அவருக்கு ஒரு பெருமை. நான்கு கடிதங்களுக்கு நடுவில் என் கடிதத்தையும் வைத்துவிட்டேன். இந்தப் பாட்டில் பாடிய பெண்ணின் நாற்பத்தொரு ஒலிகளைப் பழுது என்று நினைத்து இந்த நிலையத்தின் ஒலிப்பதிவாளர் வெட்டிவிட்டார், அவர் அந்தப் பெண்ணுக்கு நாத்தனார், வேண்டுமென்று செய்யவில்லை, தெரிந்துகொள்ள மெனக்கெடவும் இல்லை, பிடிக்கும் பிடிக்காது என்று நீங்கள் இதுவரை எழுதியதெல்லாம் அவள் பாடாத பாட்டைப் பற்றித்தான் என்று எழுதியிருந்தேன். நாத்தனார் என்ற இடத்தில் வெண்கலம் தடுமாறித் தடுப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஆனாலும் கடைசிவரை வாசித்துவிட்டார். நல்ல மனிதர். நான் முழுப் பாட்டையும் போட்டேன்.

உலகம் தலைகீழாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. ஒரே வாரத்தில் பிடிக்காத தட்டு நிரம்பி, மேசையில் வழிந்து, கீழே விழுந்தது. தினமும் போடச் சொன்ன தையற்கடைக்காரரே, இப்ப மிதிக்கிற கால் தடுக்குதும்மா, பழையபடியே போடுங்க என்கிறார். கணக்கு வாத்தியார் நேரிலேயே வந்துவிட்டார். பாட்டு முன்னைவிட மோசம், ஆனா ஒருத்தர் வாயில கை வைக்கிறது அதைவிட மோசம், இந்த ரெண்டையும் எழுதிக்கங்க என்று என்னை நின்றபடியே எழுதவைத்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கல்லூரிப் பெண்ணிடமிருந்து மட்டும் ஒரே வரி: இப்பதான் அவங்க பாடறாங்க. பஸ் டிரைவர் கூப்பிடவே இல்லை. அவருக்குக் குறை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

பாட்டை நிறுத்திவிட்டார்கள். என்னையும் ஒலிப்பதிவு அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து வானிலைச் செய்தியைத் தட்டச்சு செய்கிறேன், இன்று மழை வரலாம், வராமலும் போகலாம் என்று. இதற்கு ஹெட்போன் எதற்கு என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் பாட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். எரிச்சலாக இருக்கிறது. மீட்டர் மேல், நேயர்கள் மேல், வாயே திறக்காத உன் மேல். எல்லாரையும் திட்டி முடித்தபின் பார்த்தால், மிச்சம் நான்தான் நிற்கிறேன்.

அம்மா அன்றைக்குச் சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாளாம். நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கலடி என்றாள். சரிம்மா என்றேன். நான் என்ன வம்பை இழுத்துக்கொண்டு வந்தாலும் அவளுக்கு அவள் அபிப்பிராயம்தான் முக்கியம். பாத்திரம் கழுவப் போனாள். பிறகு, யாராவது விழுந்தா செத்தா நாமளும்தான் உச்சுக் கொட்டறோம், நாம அழுகைக்கு வெச்சிருக்கறதை அவ பாட்டுக்கு வெச்சிருக்கா, அதையா வெட்டினே என்றாள். அப்புறம் குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, அந்தப் பொண்ணோட பேரைச் சரியாச் சொல்லு, கேக்கறேன் என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் வாயில் ஒன்றும் வரவில்லை. பாட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் முயற்சி செய்தோம். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு எச்சில்தான் தெறித்தது. கொஞ்ச நேரம் சிரித்தோம். அப்புறம் அம்மா, ரெண்டு வருஷமா அவளை என்னன்னு கூப்பிட்டோம்னு நெனச்சா வெக்கமா இருக்குடி என்று சொல்லிவிட்டு, ஈரக்கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி, உன் கோபம் முழுவதும் என் மேலேயே இருக்கட்டும், நான் குறை சொல்லமாட்டேன். பாட்டு நின்றதற்காக நீ என்னைத் திட்டு. ஆனால் ஒன்று மட்டும் செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து அம்மாவும் நானும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். நீ பேச வேண்டாம். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள். அவள் எங்களுக்காகப் பாட வேண்டாம், எங்களை மன்னிக்கவும் வேண்டாம். தன் பெயரை மட்டும் சொல்லச் சொல். நாங்கள் திருப்பிச் சொல்கிறோம். தப்பாகத்தான் வரும். சரி, போகட்டும் என்று விட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல். சரியாக வரும்வரை எங்களை விடக்கூடாது.

அவள் குரலுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

அவளுடைய நாத்தனார்,
உன் அக்கா