அத்தியார் அறுநூற்று நாற்பது படி ஏறி இறங்கியது

மழை வழுவாதிருக்க, மலையும் கடலும் ஒன்றையொன்று மறவாதிருக்க. கருங்கோட்டு மலைநாடு காத்தருளும் வேள் ஆரன் சேந்தனாரின் திருவாய்மொழி கேட்டு, ஓலைநாயகன் மாறன் பூதன் எழுதும் ஓலை. முத்துக்கானல் நாட்டை முறைசெய்து ஆளும் அரசி பெருந்தேவி முத்திறைவியார் கண்டு மகிழ்க. தங்கள் துறைகளில் மரக்கலமும், உப்பளங்களில் வெயிலும், அரண்மனையில் நற்செய்தியும் குறைவின்றி நிறைக.

தாங்கள் அனுப்பிய பேரமைச்சர் கூத்தன் அத்தியார் நலம். அவருடைய முழங்கால்கள் மட்டும் அவ்வளவு நலமில்லை. அதைத் தங்களுக்கு எழுத வேண்டாம் என்று அமைச்சர் இருமுறை வேண்டிக்கொண்டார். எழுதியே ஆகவேண்டும் என்று எம் அரசர் ஒருமுறை சொன்னார். ஓலைநாயகன் யார் பேச்சைக் கேட்பான்?

மூடிய கணவாய் வழியே வந்தார்கள் என்று ஈராண்டுக்கு முன் எம் அரசர் சிறையிலிட்ட தங்கள் நாட்டு உப்பு வணிகர் முப்பத்திருவரை மீட்கவே அமைச்சர் வந்தார். இந்நாட்டில் சமாதானச் சூளுரை முன்னோர் கோயில் கொண்ட மலையுச்சியில், ஆண்டுக்கொருமுறை வரும் திருநாளன்று, கதிரவன் மறையுமுன் உரைக்கப்பட வேண்டும். அரசரும் தூதரும் தம் காலாலேயே ஏறவேண்டும். அம்மலைமேல் சுமந்து செல்லப்படுவது இறந்தோரின் சாம்பற்குடம் மட்டுமே. படிகளோ அறுநூற்று நாற்பது. அவற்றை வெட்டிய முன்னோர், மனிதருக்கு முழங்கால் என்று ஒன்று உண்டென்பதைக் கேள்விப்பட்டதே இல்லை போலும்.

அமைச்சருக்கு அகவை எழுபத்திரண்டு. தளர்ந்த கிழவரைத் தூதனுப்பினார் அரசி என்று மலைநாட்டார் சொல்லிவிடுவரோ என்ற அச்சத்தால், ஊன்றுகோலைத் தேரிலேயே விட்டுவந்தார். முதல் நாற்பது படியை இளங்காளைபோல் ஏறினார். நாற்பத்தொன்றாம் படியில் அவருக்குச் சிற்பங்கள்மேல் திடீரென்று காதல் பிறந்தது.

எம் நாட்டில் விருந்தினர் ஒரு சிற்பத்தின் கதையைக் கேட்டால், கோயிற்காவல் முதல்வி அதைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் ஓரடி எடுத்துவைக்கலாகாது. அனைவரும் அமர்ந்து கேட்கவேண்டும். இவ்வழக்கத்தை அமைச்சர் முன்னரே விசாரித்து வைத்திருந்தார். ஒற்றைக் கொம்பு யானையின் கதையைக் கேட்டார். அதன் பாகனின் கதையைக் கேட்டார். பாகனுடைய மாமனாரின் கதையையும் கேட்டார். முதல்வி வெண்ணியார் சலிக்காமல் சொன்னார். அமைச்சர் தலையாட்டிக் கேட்டபடியே மேலாடையின் மறைவில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை, ஓலைக்கட்டைச் சுமந்து பின்னால் மூச்சிரைத்து வந்த இவ்வெழுத்தன் கண்டான். கண்டு, மனத்துக்குள் அவரை வாழ்த்தினான்.

ஐந்நூற்று நாற்பதாம் படியோடு சிற்பங்கள் தீர்ந்துபோயின. எஞ்சிய நூறும் மொட்டைப் பாறை. ஒருபுறம் பள்ளம், பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. கதிரவனோ மேற்கே இரண்டு பனை உயரத்துக்கு இறங்கிவிட்டான். அமைச்சர் அப்பாறையை நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, இதன் கதை யாதென வினவினார். இதற்குக் கதையேதும் இல்லை, இது பாறை என்று வெண்ணியார் பணிவோடு விடையளித்தார்.

அமைச்சர் அமர்ந்துவிட்டார். கீழே சிறையில் முப்பத்திருவர். மேலே நூறு படி. கால்களோ எழ மறுத்தன. தம் மானத்தைக் காக்கப்போய் அவர்களை இன்னும் ஓராண்டு இருட்டில் வைத்துவிடுவோமோ என்று அவர் நெஞ்சு பதறியது. மேற்படியில் தாமும் அமர்ந்துவிட்ட எம் அரசரை நிமிர்ந்து பார்த்து, "முழங்கால் போயிடுச்சு அரசே. கை குடுத்தீங்கன்னா ஏறிடுவேன்," என்றார்.

எம் அரசர் உடனே கை கொடுக்கவில்லை. அறுபத்தெட்டு அகவை நிரம்பிய அவராலும் எழ முடியவில்லை. காலைமுதல் ஒவ்வொரு கதைக்கும் அமைச்சரை உள்ளூரப் போற்றி வந்ததாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஏறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் நோகும் கால் முன்னே என்று வெண்ணியார் இருவருக்கும் கற்பித்தார். ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, படிக்கொரு முனகலாக ஏறினர். கதிரவன் மேற்கு மலைமுகட்டைத் தொட்ட வேளையில் சூளுரைத்தனர், கொம்பு ஊதப்பட்டது, கீழே சிறைக்கதவு திறந்தது.

ஏறியவர் இறங்கவும் வேண்டுமே. மறுநாள் காலை இருவரும் மொட்டைப் படிகளின் மேல்முனையில் நின்று பள்ளத்தைப் பார்த்தனர். ஆனால் ஊர்வழி போயிருக்க வேண்டிய வணிகர் முப்பத்திருவரும், அமைச்சரின் நிலையைக் கேள்வியுற்று ஏறிவந்து, மூன்று படிக்கு ஒருவராகப் பள்ளத்தோரம் நின்றிருந்தனர். அமைச்சர் ஒரு தோள்விட்டு மறுதோள் பற்றி இறங்கினார். பின்னால் வந்த எம் அரசருக்கும் அவர்கள் தோளை விலக்கவில்லை. அவர்களுள் மூத்தவனான பிடவன், "பாத்து வாங்க ராசா, இந்தப் படி கொஞ்சம் உசரம்," என்றான்.

இதை எழுதலாமா என்று எழுத்தாணி தயங்கியது. எழுது என்றார் அரசர். அந்தத் தோள்களில் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது, நம் சிறைச்சோறு அப்படி, அதையும் எழுது என்றார்.

ஆகவே கட்டளை. கணவாய் இன்றுமுதல் திறந்திருக்கும். மொட்டைப் படிகளின் ஓரத்தில் தோளுயரக் கற்றூண் முப்பத்திரண்டு நடப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வணிகரின் பெயர் வெட்டப்படும். அமைச்சர் ஒரு திங்கள் எம் மூலிகை எண்ணெயில் ஊறி, பின் தேரேறித் தங்களிடம் வருவார். மலைமுகட்டு இலச்சினை பொறித்து விடுத்தோம். இக்கட்டளையைக் காப்போர் கால்நோவு அறியாது வாழ்க. இதை அழிப்பவன் அரசனே ஆயினும், நோகும் முழங்காலோடு அறுநூற்று நாற்பது படியும் ஏறி இறங்கக் கடவன், பற்றிக்கொள்ள ஒரு தோளுமின்றி.