சிக்கிக்கொண்ட நான்கு தூண்டில்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை தடவியதாக அம்மாவிடம் சொல்கிறீர்களா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. எங்கள் மேஸ்திரிக்கு மீன்பிடிப்பதென்றால் உயிர். நான்கு தூண்டில் கோல்களை நிறுத்த ஒரு தாங்கியும், தூண்டில் முள், நரம்பு போட்டுவைக்க அடியில் ஓர் இழுப்பறையும் வேண்டுமென்றார். "எங்கப்பா தச்சர்ண்ணே, நானே செஞ்சு தர்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கோலின் பருமனுக்கு அச்சாகத் துளை போட்டு, அதன் பிறகு துளைக்குள்ளும் இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். நன்றாகக் காய்வதற்குள் கோல்களைச் சொருகியும் விட்டேன். மறுநாள் ஒன்றுகூட அசையவில்லை. அவர் கண்முன்னே பலகையை அறுத்துத்தான் எடுத்தேன்.

"உங்கப்பா இப்படித்தான் சொல்லிக்குடுத்தாரா?" என்று சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"வேலை கத்துக்க அவர் கூப்பிட்டப்போ ஒரு நாளும் நான் போனதில்லண்ணே" என்றேன்.

புதுப் பலகை வாங்கித் தந்திருக்கிறார். துளையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கடிதமாகவே எழுதுங்கள், நீளமாக.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. இந்த முறை நீங்கள் கூப்பிடாமலே கேட்கிறேன், அப்பா.

உங்கள் மகன்